கற்றலும் கலைப்பயணமும்



யாப்பிலக்கணம் கற்பிப்பவள் நான். கலைக்கல்வி கலைஞரை உருவாக்குமா என்னும் வினா எனக்கு வெறும் ஆய்வுப் பொருளாக இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி தன் முதற் கவிதையைக் கொண்டுவந்து தந்தாள். தளை தட்டிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தேன். அதன்பின் அவள் என்னிடம் கவிதை கொண்டுவரவே இல்லை. நான் செய்த பிழை யாது என்று எண்ணியபோது, சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாறு எனக்கு வழி காட்டியது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, நெடுங்காலம் கைத்தொழிற் பயிற்சிக்கே முதன்மை தந்தது. அதன் தலைமையேற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. உருவத்தை உயிர்ப்போடு வடிப்பதில் வல்லவர் அவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அதற்குச் சான்று. அவரிடம் பயின்று 1940-இல் வெளிவந்தார் கே. சி. எஸ். பணிக்கர். எழுத்தும் கணிதக் குறியும் சாதகக் கட்டமும் போன்ற வடிவங்கள் விரவிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கியதோ 1963-இல். கற்றதைத் தனதாக்கிக்கொள்ள இருபத்து மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன.

கல்லூரியை விட்டு வெளியேறும் ஓவியருக்கு அத்தனை காலம் சோறிடுவது யார்? 1957-இல் கல்லூரித் தலைமையை ஏற்ற பணிக்கர் இக்கேள்வியை எதிர்கொண்டார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயில் வாழ்ந்து ஓவியம் தீட்டினர். கைத்தொழில் கலையைக் காத்தது.

அக்கல்லூரியில் பயின்ற ஆதிமூலத்தை நம் சிறுபத்திரிகை வாசகர்கள் நன்கறிவர். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியின் உருவத்தைக் கோடுகளால் பலவாறு வரைந்த அவர், பின்னாளில் உருவத்தை விடுத்து வண்ணங்களாலேயே நிலப்பரப்புகளைப் படைத்தார். வரையத் தெரிந்த கையே உருவத்தைத் துறந்தது. யாப்பறிந்து யாப்பைக் கடக்கும் கவிஞர்க்கும் இஃது பொருந்தும்.

யாப்பைக் கற்பித்ததில் என் பிழை இல்லை. பல்லாண்டுப் பயிற்சியின் விளைவை ஒரே பிற்பகலில், முதற் கவிதையிலேயே கேட்டதுதான் பிழை. இப்போதெல்லாம் மாணவர் கவிதை தந்தால், உயிருள்ள அடியை முதலில் சுட்டுகிறேன். தளையைப் பற்றிப் பிறகு பேசுகிறோம்.

எங்கள் கல்லூரி மாணவரை மூன்றாண்டுகளில் அனுப்பிவிடுகிறது. அதன்பின் வரும் நீண்ட ஆண்டுகளில் அவர்களுக்குத் துணைநிற்க இத்தகைய இலக்கிய வட்டங்களே உள்ளன. மாதந்தோறும் இங்கே ஒரு புதியவரின் கவிதைக்குச் செவிகொடுக்குமாறு வேண்டுகிறேன். என் மாணவியும் ஒருநாள் இவ்வாயிலில் வந்து நிற்கக்கூடும்.