நாலு செடிக் கணக்கு

(ஸ்காபரோவில் மே மாத விதைப் பகிர்வு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு பிழையை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குறன். போன வருஷம் இதே நாளில், இதே மேசையில், மிளகாய், கத்தரி, பயற்றங்காய் விதைகளுக்குப் பக்கத்தில் நானும் ஒரு சின்ன உறை கொண்டுவந்து வைத்தேன். என்னுடைய பல்கனியில் சட்டப்படி வளர்த்த கஞ்சாச் செடியில் விளைந்த விதை. ஒரு தோழர் எட்டு விதை எடுத்துக்கொண்டு போனார். எட்டும் முளைத்தது. யூன் மாதம் படம் அனுப்பினார்: வரிசையாக எட்டுச் சாடி. அவர் இன்னும் கனேடியக் குடியுரிமை எடுக்கவில்லை, நிரந்தர வதிவிட அட்டையோடு இருப்பவர். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்னத்தைக் கொடுத்தேன் எண்டு எனக்கு விளங்கினது.

சட்டம் என்ன சொல்லுது? 2018 ஒக்ரோபர் 17இல் இருந்து கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர் வீட்டில் நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. ஐந்து பேர் வாடகையைப் பங்குபோட்டு இருக்கிற வீடெண்டாலும் நாலுதான். கியூபெக்கில் ஒன்றுகூட ஏலாது. அந்தத் தடை செல்லும் எண்டு 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதுக்கு மேல, உங்கட வாடகை ஒப்பந்தம் வளர்க்கக்கூடாது எண்டு சொன்னால் அதையும் பார்க்க வேணும்.

இப்ப விதைக்கு வருவம். கடையில் மூன்று வகை விற்கிறார்கள். எது நல்லது எண்டு கேட்டால் வாசம், வீரியம், விளைச்சல் எண்டுதான் பதில் வரும். எங்களுக்கு முதல் கேள்வி வேற: நாலு செடி வேணுமெண்டால் எத்தனை விதை ஊன்ற வேணும்?

கஞ்சாவில் ஆண் செடி வேற, பெண் செடி வேற. எங்கட பனை மாதிரி. பூக்கும் வரைக்கும் வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா எண்டு அம்மம்மாவாலும் சொல்ல ஏலாது. கஞ்சாவில் அதுக்கு நாலில் இருந்து ஆறு கிழமை எடுக்கும். கணுவில் சின்ன உருண்டை வந்தால் ஆண், இரண்டு வெள்ளை முடி வந்தால் பெண். ஆட்களுக்கு வேண்டியது பெண் செடியின் பூ. ஆணின் மகரந்தம் பட்டால் பூ விதை பிடித்துவிடும்.

முதலாவது வகை, ரெகுலர் விதை. இயற்கையாக விளைந்தது, ஏறக்குறையப் பாதி ஆண், பாதி பெண். நாலு பெண் செடி வேணுமெண்டால் எட்டு ஊன்றினால்தான் நம்பிக்கை. நாலு மட்டும் ஊன்றினால், பதினாறில் ஒரு தடவை நாலும் ஆணாகவே வந்து நிற்கும். நான் கொடுத்தது இந்த வகை. தோழர் கணக்குத் தெரிந்துதான் எட்டு எடுத்தார். ஆனால் சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. பூக்காத ஆண் செடியும் அதுக்கு ஒரு செடிதான்.

இரண்டாவது, பெண்ணாக்கப்பட்ட விதை. ஒரு பெண் செடிக்கு வெள்ளித் தயோசல்பேற் கரைசல் தெளிப்பார்கள். அது எதிலீன் என்ற ஓமோனின் வேலையைத் தடுக்கும். பெண் செடியிலேயே ஆண் பூ வரும். அந்த மகரந்தத்தில் பிறக்கும் விதை கிட்டத்தட்ட எல்லாமே பெண். நாலு ஊன்றினால் நாலு. ஆனால் ஆண் இல்லாத வீட்டில் அடுத்த வருஷத்துக்கு விதை இல்லை. ஒவ்வொரு வசந்தத்துக்கும் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேணும்.

மூன்றாவது, ஆட்டோஃப்ளவர். மற்றவை இரவு நீளத் தொடங்கின பிறகுதான் பூக்கும். ரொறன்ரோவில் அது ஓகஸ்ட், அறுவடைக்கு ஒக்ரோபர் ஆகிவிடும். அதுக்குள் மழையும் பூஞ்சணமும் உறைபனியும் வந்துவிடலாம். ஆட்டோவில் ருடராலிஸ் என்ற குட்டை இனத்தின் குணம் கலந்திருக்கிறது. 1924இல் ரஷ்யாவில் ஒரு தாவரவியலாளர் பெயரிட்ட இனம். அது இரவை எண்ணாது, தன் வயதை எண்ணும். விதைத்து இரண்டரை, மூன்று மாதத்தில் முடிந்துவிடும், உயரமும் குறைவு. தெருவிளக்கு விழுகிற பல்கனிக்கும் சரிவரும். விளைச்சல் குறைவு. கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் பெண்ணாக்கப்பட்டதுதான்.

இப்ப கவனியுங்கோ. நாலு எண்ட எண்ணைச் சட்டம் போட்டது. அந்த எண் எங்களை எந்த விதைக்குத் தள்ளுது? ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டிய விதைக்கு. விதையைச் சேமித்துப் பகிர விடுகிற ரெகுலர் விதையை ஊன்றினால், வேண்டாத ஆண் செடிகளே கணக்கைத் தாண்ட வைக்கும். அம்மம்மா கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டி வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்த மாதிரி இதைச் செய்ய ஏலாது. இத்தனைக்கும் வளர்ந்த ஒருவர் இன்னொருவருக்கு 30 விதை வரைக்கும் சும்மா கொடுக்கலாம் எண்டுதான் சட்டம் சொல்லுது. கொடுக்கலாம், ஆனால் வாங்கினவர் ஊன்றி எண்ணும்போது அகப்பட்டுக்கொள்வார்.

அகப்பட்டால் எல்லாருக்கும் ஒரே விலையா? இல்லை. இங்க பிறந்த எனக்கு அது அபராதமாகவோ வழக்காகவோ முடியலாம். அளவுக்கு மீறி வளர்த்த குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 14 வருஷம். அதிகபட்சம் 10 வருஷமோ அதுக்கு மேலேயோ உள்ள குற்றத்தில் தீர்ப்பானால், குடியுரிமை இல்லாதவரைக் குடிவரவுச் சட்டம் கடுங்குற்றவாளி எண்டு எண்ணும். நீதிபதி சின்னத் தண்டனை கொடுத்தாலும் பார்ப்பது அதிகபட்சத்தைத்தான். ஐந்து, ஆறு செடியெண்டால் தண்டச்சீட்டோடு விடப் பொலிசுக்கு வழி இருக்கு. ஆனால் விடுவதும் விடாததும் அவர்கள் கையில். எட்டுக்கு அந்த வழியும் இல்லை. 2019இல் கட்டணமில்லாமல் குற்றப்பதிவை ஒதுக்கிவைக்க வந்த ஏற்பாடும் வெறுமனே வைத்திருந்ததுக்கு மட்டும்தான். வளர்த்தது அதுக்குள் வராது.

அண்டைக்கு இரவே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாலு செடியைப் பிடுங்கச் சொன்னேன். ஆணா பெண்ணா எண்டு தெரியாத நாலு. அவர் கோபப்படவில்லை. "விதை தரேக்க சொல்லியிருக்கலாமே தங்கச்சி" எண்டார். அவ்வளவுதான். ஆனால் அது எனக்குப் போதும்.

அதனால் இந்த வருஷம் உறையில் வகையை எழுதியிருக்கிறோம். குடியுரிமை இல்லாத தோழர்களே, ரெகுலரைத் தொடாதேங்கோ. சட்டபூர்வக் கடையில் பெண்ணாக்கப்பட்டதோ ஆட்டோவோ வாங்குங்கோ, பற்றுச்சீட்டை வைத்திருங்கோ. சட்டவிரோதமான விதை எண்டு தெரிந்து ஊன்றுவதும் குற்றம். எந்த விதையையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகாதேங்கோ, அமெரிக்காவுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. குடியுரிமை உள்ள நாங்கள் ரெகுலர் விதையைக் காப்பாற்றுவம். நாலுக்குள் நின்று, ஒரு ஆணை வைத்து, குறைந்த பூவோடு. அது எங்கட பங்கு.

கோரிக்கையும் ஒன்று இருக்கு: பூக்கிற பெண் செடியை மட்டும் எண்ணு. செடியை எண்ணி ஆளை நாடு கடத்தாதே. அடுத்த மாதக் கூட்டத்தில் எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பும் கடிதத்தை எழுதப்போகிறோம். வாங்கோ.

உறையை எடுக்க முதல், அதில் எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. விளங்காவிட்டால் என்னைக் கேளுங்கோ. இந்தமுறை சொல்லித்தான் தருவன்.