சுற்றுச்சுவருக்கு வெளியே: சுரங்க லாரிகளும் சாலையோரக் கிராமங்களும்

(பயிற்சி அலுவலர்களும் பொருளியல் முதுநிலை மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கிராமப்புறத்தில் உள்ள ஒரு தொழில் நிலையம் தன் லாரி நிறுத்தகத்தையும் சரக்கு ஏற்றுமிடத்தையும் விரிவாக்க விரும்புவதாக ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அது மிகச் சாதாரணமான கோப்பாகவே தோன்றும். புதிய உலை இல்லை, புகைபோக்கி இல்லை, கழிவுநீர்க் குழாயும் இல்லை. ஐந்து ஏக்கர் பத்து ஏக்கராகிறது, ஓர் எடைமேடை இரண்டாகிறது, டீசல் நிரப்பும் இடமும் வண்டி கழுவும் தளமும் பெரிதாகின்றன. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். இன்று நான் பேசவிருப்பது இந்தச் சாதாரணக் கோப்பைப் பற்றித்தான்.

சட்டத்தின் பார்வையிலும் இது சிறிய செய்தியே. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை நம் நாட்டில் முதன்முதலாகக் கட்டாயமாக்கிய அறிவிக்கை 1994 ஜனவரியில் வெளிவந்தது. மக்கள் கருத்துக்கேட்பு 1997-இல் சேர்க்கப்பட்டது. அதன் இடத்தில் 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் வந்த அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம் உண்டு, அனல்மின் நிலையம் உண்டு, துறைமுகமும் நெடுஞ்சாலையும் உண்டு. லாரி நிலையம் என்று தனி இனம் கிடையாது. பெரிய சுரங்கத்தின் உறுப்பாக வந்தால் அந்தச் சுரங்கத்தின் மதிப்பீட்டில் ஒரு பத்தியாக அது இடம்பெறும். அந்தப் பத்தியும் பெரும்பாலும் குத்தகை எல்லைக்குள் தண்ணீர் தெளிப்பது பற்றியும் எல்லையோரம் மரம் நடுவது பற்றியுமே பேசும். வாயிலைத் தாண்டிய பின் லாரி என்ன செய்கிறது என்பது ஆவணத்தில் மங்கிவிடுகிறது. ஆனால் லாரி நிலையத்தின் தீங்கு சுவருக்கு உள்ளே நிகழ்வதைவிட வெளியே நிகழ்வதே மிகுதி. மதிப்பீட்டின் எல்லை ஓரிடத்திலும் பாதிப்பின் எல்லை வேறிடத்திலும் இருப்பதுதான் நாம் ஆராய வேண்டிய சிக்கல்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் தாது சாலை வழியே செல்கிறது என்று கொள்வோம். லாரி ஒன்று 10 டன் ஏற்றினால் அது 1 லட்சம் நடை. மழைக்காலம் நீங்கலாக 200 வேலை நாட்கள் என்றால், நாளொன்றுக்கு 500 லாரிகள் பாரத்துடன் போகும். அதே 500 லாரிகள் காலியாகத் திரும்பும். பன்னிரண்டு மணி நேரத்தில் ஆயிரம் முறை ஒரு வீட்டின் வாசலைக் கடந்தால், சராசரியாக 43 வினாடிக்கு ஒரு லாரி. இப்போது 'ஐம்பது விழுக்காடு விரிவாக்கம்' என்று கோப்பு வருகிறது. இடைவெளி 29 வினாடியாகக் குறைகிறது. நாற்பது வினாடிக்கு மேற்பட்ட இடைவெளியில் சிறு மாட்டு மந்தையை ஒருவர் சாலையின் மறுபுறம் ஓட்டிவிட முடியும்; முப்பதுக்கும் குறைந்த இடைவெளியில் அது இயலாது. ஆக, உற்பத்தி பாதியளவு பெருகியது, ஆனால் ஊரின் இரு பகுதிகளுக்கும் இடையே இருந்த போக்குவரத்து அடியோடு அறுந்தது. பாதிப்பு எப்போதும் அளவுக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். சாலையோரக் கிராமத்தில் அதைக் கடிகாரத்தை வைத்தே அறிந்துகொள்ளலாம்.

இக்கணக்கு கற்பனையன்று என்பதற்குக் கோவா சான்று. அம்மாநிலத்தின் இரும்புத்தாது ஏற்றுமதி போர்ச்சுகீசிய ஆட்சியின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைப் படகுத்துறை வரை லாரி. அங்கிருந்து மாண்டவி, ஜுவாரி ஆறுகளின் வழியே பார்ஜ் எனப்படும் தட்டைப்படகு. பின்னர் மர்மகோவா துறைமுகத்தில் கப்பல். சிக்கனமான ஏற்பாடு என்று பொருளியலார் பாராட்டக்கூடியதே. ஆனால் சங்கிலியின் முதற்கண்ணியாகிய லாரி, சத்தாரி, பிச்சோலிம், சங்குவேம், குவேப்பம் வட்டங்களின் கிராமச் சாலைகளில் ஓடியது. சீனாவின் எஃகு ஆலைகள் தரம் குறைந்த தாதுவையும் விரும்பி வாங்கத் தொடங்கிய பிறகு, கோவாவிலிருந்து கப்பலேறிய தாது 2010-11-இல் 5 கோடி டன்னைக் கடந்தது. அண்டை மாநிலத் தாதுவும் இதில் சேரும். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைப்போல் இது இரு மடங்கிற்கும் அதிகம். சாலைகள் அந்த விகிதத்தில் வளரவில்லை. ஒவ்வொரு சுரங்கமும் தன் ஏற்றுமிடத்தை விரிவாக்க இசைவு பெற்றது. அத்தனை இசைவுகளும் சேர்ந்து ஒரே சாலையில் வந்து இறங்கும் என்பதைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த ஓர் அலுவலகத்திற்கும் இல்லை.

முறைகேடுகளை ஆராய்ந்த நீதிபதி ஷா ஆணையத்தின் அறிக்கையை அடுத்து 2012-இல் அங்குச் சுரங்கப்பணி நிறுத்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், கோவா முழுமைக்கும் ஆண்டுக்கு 2 கோடி டன் என்ற இடைக்கால உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தனித்தனி உரிமங்களைப் பார்க்காமல் மொத்தத்தைப் பார்த்த அணுகுமுறை அது. டன்னுக்கு வரம்பு என்பது நடைமுறையில் லாரி நடைக்கும் வரம்பே.

எனினும் மொத்த வரம்பு ஒரு குறிப்பிட்ட சாலையைக் காப்பாற்றிவிடாது. சத்தாரி வட்டத்துச் சோன்ஷி என்னும் சிற்றூரில் 2017 ஏப்ரலில் மக்கள் தாது லாரிகளை மறித்தார்கள். அவர்கள் முறையிட்டது தூசியையும் தண்ணீரையும் பற்றி. நாற்பதுக்கும் மேற்பட்டோர், பெண்கள் உட்பட, கைதாகிச் சிறை சென்றனர். பின்னர் உயர் நீதிமன்றம் இச்செய்தியைத் தானாகவே எடுத்து விசாரித்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றியுள்ள பல சுரங்கங்களின் இயக்க இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. மாநில அளவில் வரம்பு மீறப்படாமலேயே ஓர் ஊருக்கு மூச்சு முட்டியது என்பதை இங்கே கவனியுங்கள். கோவாவில் 88 குத்தகைகளின் புதுப்பித்தலை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் செல்லாதென அறிவித்தது. 2022 டிசம்பரில் புதிய ஏலங்கள் தொடங்கி, 2024-இல் பணி மீண்டும் ஆரம்பமாயிற்று. எனவே இது முடிந்துபோன வரலாறு அன்று.

தூசியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோல்படி, 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான நுண்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. லாரிகளின் புகை 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டது நல்ல முன்னேற்றம். ஆனால் தாதுச் சாலையின் தூசியில் பெரும்பகுதி புகைக்குழாயிலிருந்து வருவதில்லை. சக்கரம் அரைத்துக் கிளப்பும் மண்ணும், தார்ப்பாய் சரியாகக் கட்டப்படாத வண்டியிலிருந்து சிந்தும் தாதுவுமே அது. எஞ்சின் எத்துணை நவீனமானாலும் சக்கரம் சக்கரந்தான். தண்ணீர் தெளித்தால் அடங்கும் என்பார்கள். அடங்கும், ஒரு மணி நேரத்திற்கு. பிறகு சேறு உலர்ந்து மீண்டும் தூசியாகும். கோடையில் அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். முதல் மழையில் சாலையோரம் தேங்கிய செம்மண் தாழ்ந்த நெல்வயல்களுக்குள் இறங்கிப் படியும். அந்த இழப்பு லாரிக் கணக்கிலும் வராது, சுரங்கக் கணக்கிலும் வராது. ஒலியைப் பொறுத்தவரை, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. இரவு நேர நடைக்கு அனுமதி கோரும் விரிவாக்கத்தில் இதனைத் தனியே பார்க்க வேண்டும்.

அடுத்தது சாலையின் உடல்நிலை. அச்சின் மேல் விழும் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பது, அமெரிக்காவில் ஐம்பதுகளின் இறுதியில் நடந்த சாலைச் சோதனைகளிலிருந்து பொறியாளர்கள் கையாளும் பொது விதி. நம் நாட்டில் 2018-இல் ஒற்றை அச்சுக்கான அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. நான்காம் அடுக்கு விதிப்படி இதுவே சேதத்தை ஏறக்குறைய அறுபது விழுக்காடு கூட்டும். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து போடப்பட்ட ஒருவழிச் சாலைகளில் பலவற்றின் தளம் 3.75 மீட்டர் அகலமே. மாட்டுவண்டி, டிராக்டர், பேருந்து ஆகியவற்றை மனத்தில் கொண்டு அமைத்த சாலை அது. அதன்மேல் ஒரு தொழில் நிலையத்தின் சரக்கு முழுவதையும் ஏற்றிவிட்டுப் பராமரிப்புச் செலவைப் பொது நிதியில் எழுதுவது, அந்த நிறுவனத்திற்கு நாம் தரும் பெயரிடப்படாத மானியம். பேராசிரியர் பிகூ ரயில் எஞ்சினின் தீப்பொறி அக்கம்பக்கத்துக் காட்டை எரிப்பதைச் சமூகச் செலவுக்கு எடுத்துக்காட்டாக 1920-இல் எழுதினார். நூறாண்டு கழிந்தும் தீப்பொறியின் இடத்தில் தூசி வந்திருக்கிறதே அன்றிக் கணக்கு மாறவில்லை.

இவ்வளவும் சொன்னபின், லாரி வேண்டாம் என்று கிராமம் சொல்கிறது என நீங்கள் எண்ணிவிடலாகாது. கோவாவின் தாது லாரிகளில் மிகப் பல, அதே வட்டங்களைச் சேர்ந்த குடும்பங்கள் வங்கிக் கடன் பெற்று வாங்கியவை. 2012-இல் பணி நின்றபோது ஆயிரக்கணக்கான லாரிகள் முற்றங்களில் நின்று துருப்பிடித்தன, தவணை நிற்கவில்லை. மாநில அரசு கடன் நிவாரணத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. ஆகவே தூசியை விழுங்குபவரும் லாரித் தவணை கட்டுபவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் கண்டு, 'மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை' என்று எழுதிக் கோப்பை முடிப்பது எளிது. அது கடமை தவறுவதாகும் என்பது என் கருத்து. அவர்கள் பிரிந்து நிற்பது அறியாமையால் அன்று. பிழைப்பையும் மூச்சையும் ஒன்றுக்கொன்று விலையாக வைத்த ஏற்பாட்டால்.

விரிவாக்கமே சரியான தீர்வாக அமையும் இடங்களும் உண்டு. இடம் போதாமல் சாலையோரத்தில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளை உள்ளே அழைத்துக்கொள்ள நிறுத்தகம் பெரிதாவது ஊருக்கு நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றுமிடத்தில் காத்திருப்பு குறைந்தால், அதே லாரி நாளுக்கு மூன்று நடைக்குப் பதில் ஐந்து நடை போகும். வாடகை நடைக்கு இவ்வளவு என்று தரப்படும் வரை ஓட்டுநர் வேகத்தைக் கூட்டவும் பாரத்தைக் கூட்டவுமே செய்வார். நெரிசல் சுவருக்கு உள்ளிருந்து சாலைக்கு இடம் மாறும். எனவே நிறுத்தகத்தின் பரப்பளவை அனுமதிப்பதோடு நில்லாமல், ஒரு நாளில் வாயிலைக் கடக்கும் நடைகளின் எண்ணிக்கையையும் இசைவாணையில் எழுத வேண்டும். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அதில் விலக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. புதுச் சட்டம் தேவையில்லை.

எண்ணுவது கடினமா? அன்று. கனிம உரிமத்தொகைக்காக ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு உண்டு, எடைமேடைப் பதிவு உண்டு. பல மாநிலங்களில் இவை கணினிவழி நடக்கின்றன. அரசுக்கு வரவேண்டிய தொகைக்காக ஒவ்வொரு டன்னையும் எண்ணத் தெரிந்த நாம், அதே எண்ணிக்கையை அன்றன்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுவதில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு சுண்ணக்கட்டி. சாலைகளும் சிறுபாலங்களும் அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய பொருள்களாக உள்ளன. அச்சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை அறியும் உரிமையாவது அவற்றுக்கு நடைமுறையில் வேண்டாமா?

நீண்டகால வழிகளைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். பைலாடிலாத் தாதுவைக் கூழாக்கி விசாகப்பட்டினத்திற்குக் கொண்டுசெல்லும் 267 கிலோமீட்டர்க் குழாய் ஒரு வழி. நிலக்கரியில் சுரங்கத்துக்கும் ரயில் ஏற்றுமிடத்துக்கும் இடையே லாரிக்குப் பதில் வார்ப்பட்டை வைக்கும் திட்டங்கள் நடைபெறுகின்றன. தாதுக்கென ஊரைத் தவிர்த்த தனிச்சாலை மூன்றாவது. இவற்றுக்கு ஆண்டுகள் ஆகும். லாரி உரிமையாளரின் பிழைப்புக்கு மாற்றும் அதே திட்டத்தில் எழுதப்பட வேண்டும். 2015 திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம நிதி இரண்டுக்கும் பயன்படலாம், குத்தகை எல்லைக்கு வெளியேயுள்ள சாலையோர ஊரைப் பாதிக்கப்பட்ட ஊராக மாவட்டம் பட்டியலில் சேர்த்தால்.

கடைசியாக, கோப்பில் எவரும் எழுதாத ஒருவர் இருக்கிறார்: லாரி ஓட்டுநர். விரிவாக்க வரைபடத்தில் வண்டி கழுவும் தளத்தைக் காண்பீர்கள். ஓட்டுநர் குளிக்கவும் படுக்கவும் கழிப்பிடத்திற்கும் எங்கே இடம் என்று தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் ஊரின் குளக்கரையும் தோப்பும் அதற்குப் பயன்படும். பூசல் அங்கிருந்து தொடங்கும். வரைபடத்தைத் திருப்பியனுப்பி அந்த அறையை வரைந்து வரச் சொல்லுங்கள். கழுவும் தளத்தின் எண்ணெய்க் கழிவு எந்த வாய்க்காலில் சேர்கிறது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.