எந்த வேலை முதலில்? - புயலுக்கு முன் பஞ்சாயத்து செய்ய வேண்டியது

(விருதுநகர் ஜில்லாவில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் புயலைப் பற்றிப் பேசப்போகிறோம். "இதென்ன வேடிக்கை? விருதுநகருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மழை பெய்யாதா என்று வானத்தைப் பார்க்கிற பூமியல்லவா இது!" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு கடலுக்குப் பலியாயிற்று. அன்று விருதுநகரும், சிவகாசியும், சாத்தூரும், ராஜபாளையமும் தனுஷ்கோடியோடு சேர்ந்து ஒரே ராமநாதபுரம் ஜில்லாவாகத்தான் இருந்தன. 1985-ல்தான் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஜில்லாவின் எல்லையைச் சர்க்கார் மாற்றலாம். மழை மேகம் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

2018 நவம்பர் 16-ம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் கடற்கரையோடு நின்றதா? தென்னந்தோப்புகளைச் சாய்த்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை வீழ்த்தியது, திண்டுக்கல் ஜில்லா வரை வந்தது. 2023 டிசம்பரில் நம் பக்கத்து ஜில்லாவான தூத்துக்குடியில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது புயல்கூட அல்ல. குமரிக் கடல் பக்கம் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி. நம் ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான். அந்த மேகம் கொஞ்சம் வடக்கே வந்து ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலை மீது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் புயல் கண்மாய் வழியாக வரும்

கடலோர ஜனங்களுக்குப் புயல் அலையாக வரும். நமக்கு அது கண்மாய் உடைப்பாக வரும். மேற்கு மலையில் பெய்கிற தண்ணீர் அர்ஜுனா நதியிலும், வைப்பாற்றிலும், கௌசிகா நதியிலும், நூற்றுக்கணக்கான ஓடைகளிலும் கிழக்கே இறங்குகிறது. வழியெல்லாம் கண்மாய்கள். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்துக்கால். சங்கிலி போலக் கோத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். மேலே ஒரு கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழ்க் கண்மாயில் விழுகிறது; அதுவும் உடைகிறது.

கரை ஏன் உடைகிறது? மழை அதிகம் என்பது பாதிக் காரணம்தான். கலுங்கு வழியே வெளியேற வேண்டிய தண்ணீருக்கு வழி இல்லாமல் போவது மீதிக் காரணம். மறுகால் ஓடையில் சீமைக்கருவேல் முளைத்துக் கிடக்கிறது. ஓடையின் பாதியை யாரோ மடக்கிப் போட்டிருக்கிறார்கள். மடையைச் சுற்றி மண் அரித்து நீர் கசிகிறது. கரையில் வண்டி போய்ப் போய் ஓரிடம் பள்ளமாகியிருக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் தேடி வரும். இவையெல்லாம் வெயில் காலத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். அப்படியானால் ஏன் செய்யப்படுவதில்லை? பணம் இல்லை என்கிறார்கள். பணம் இருந்த வருஷத்திலும் வேறு வேலைதான் நடந்தது. எந்த வேலை முதலில் என்ற வரிசையை யார் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குடிசைக்கு என்ன விலை?

1964 புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. 46 நாளில் அதைச் சரிசெய்து ரயில் விட்டார்கள். எஞ்சினியர்களும் தொழிலாளிகளும் செய்த அரிய வேலை அது. பாலம் வேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. ஆனால் தனுஷ்கோடியோ குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அறிவிக்கப்பட்டது, மீண்டும் எழவில்லை. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? இது முதலில் என்று முடிவு செய்துவிட்டால், முடியாது என்று சொல்லப்படுகிற வேலையும் முடிகிறது.

அமெரிக்காவில் புயலை ஹரிக்கேன் என்பார்கள். அங்கே முன்கூட்டியே தடுப்பு வேலை செய்தால் லாபமா என்று 2005-ல் ஒரு நிபுணர் நிறுவனம் கணக்குப் போட்டது. தடுப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரி நான்கு டாலர் நஷ்டம் தவிர்க்கப்படுகிறது என்று விடை வந்தது. நல்ல கணக்குதான். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே. தப்பிக்கும் சொத்தின் விலையை வைத்தே வேலைகளை வரிசைப்படுத்தினால், மாடி வீடும் கிட்டங்கியும் இருக்கிற தெரு முதலில் வரும். ஓலைக் குடிசைக்கும், இரண்டு ஆட்டுக்கும், ஒரு தையல் மெஷினுக்கும் என்ன விலை? ஊருக்கு வெளியே பள்ளத்தில் குடிவைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் தெரு கணக்கில் கடைசிக்குப் போய்விடும். ஆனால் தண்ணீர் முதலில் போவது அங்கேதான்.

ஆகவே நம் வரிசை உயிரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு ஜீவனத்துக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சொத்து.

நான்கு கேள்விகள்

ஒவ்வொரு வேலையையும் நான்கு கேள்வி கேட்டு எடைபோடுவோம்.

முதலாவது: இதைச் செய்யாவிட்டால் உயிர் போகுமா?

இரண்டாவது: எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும்? அவர்கள் மறுபடி எழுந்து நிற்கக்கூடியவர்களா, அன்றாடம் கூலி வாங்கினால்தான் அடுப்பெரியும் குடும்பங்களா?

மூன்றாவது: இந்தக் கஷ்டம் நூறு வருஷத்தில் ஒரு முறை வருவதா, ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வருவதா?

நான்காவது: என்ன செலவு? அடுத்த வருஷம் அதைப் பராமரிப்பது யார்?

ஓர் ஊரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கையில் 10 லட்ச ரூபாய் இருக்கிறது. ஐந்து வேலைகள் முன்னால் இருக்கின்றன. நாடக மேடை 6 லட்சம். மெயின் தெருவுக்குப் பேவர் பிளாக் 5 லட்சம். மறுகால் ஓடையில் முள்ளை வெட்டி மண்ணை அள்ள 2 லட்சம். பள்ளத்துத் தெருவுக்குப் போகும் வழியில் சின்னப் பாலம் 4 லட்சம். பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் தங்கும்படி கூரையைச் சரிசெய்து, கக்கூஸும் தண்ணீர்த் தொட்டியும் கட்ட 3 லட்சம். நான்கு கேள்வியையும் கேளுங்கள். ஓடை, பாலம், பள்ளிக்கூடம் என்று மூன்றும் 9 லட்சத்தில் முடிகின்றன. மிச்சம் ஒரு லட்சத்தில் அடிபம்பின் மேடையை வெள்ளம் எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டலாம். கயிறும் டார்ச் லைட்டும் வாங்கி வைக்கலாம். நாடக மேடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது அடுத்த வருஷம் காத்திருக்கும். கார்த்திகை மழை காத்திருக்காது.

இந்த முடிவை ஆபீசில் நாலு பேர் எடுக்கக் கூடாது. ஜனங்கள் கூடி எடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தரையில் ஊரின் படத்தைக் கோலப்பொடியால் போடுங்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதானவர்களைக் கேட்டு, சுவரிலே கோடு போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் புளியமுத்து வைத்து ஓட்டுப் போடுங்கள். நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டிய பெண்களுக்குத் தெரியாத மடையா, கரையா?

கீழிருந்து மேலே

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேல் ஊர்க்காரர்கள் தங்கள் கலுங்கை மட்டும் அகலப்படுத்திக்கொண்டால் என்ன நடக்கும்? கீழ் ஊர் மூழ்கும். ஆகவே ஓடையைச் சுத்தம் செய்யும் வேலை கீழேயிருந்து மேலே வர வேண்டும். இது ஒரு பஞ்சாயத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. ஒரே ஓடையில் இருக்கும் நாலு ஊரும் சேர்ந்து, பஞ்சாயத்து யூனியனில் ஒரே கோரிக்கையாக வைக்க வேண்டும்.

கண்மாய் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் கீழே உள்ளது யூனியனைச் சேர்ந்தது. இது தெரியாவிட்டால் மகஜர் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அலைந்துகொண்டே இருக்கும்.

பட்டாசு ஆலையும் ஆபத்துப் பட்டியலில் வர வேண்டும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. புயல் மழையோடு இடியும் மின்னலும் வருகின்றன. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே சூடேறும், தானாகவே தீப்பிடிக்கும். அதனால் மழை ஒழுகும் மருந்து அறை வெறும் கட்டிடப் பிரச்னையல்ல, உயிர்ப் பிரச்னை. இடிதாங்கி சரியாக இருக்கிறதா? மின்னல் நெருங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியேறுகிறார்களா? வெளியேறுவது விதி. ஆனால் பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவர், வெளியேறினால் அன்றைய கூலி போயிற்றே என்று தயங்குகிறார். ஆகவே மழையால் வேலை நின்ற நாளுக்கும் கூலி என்பதும் புயல் பாதுகாப்புத்தான்.

ஆலைக்குப் போகும் பாதையில் ஓடை குறுக்கிட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்படி வரும்? அந்தப் பாலத்தையும் ஊர்ப் பட்டியலில் எழுதுங்கள். ராஜபாளையம் மில் தொழிலாளர்களுக்கும் இதில் பங்குண்டு. கம்பம் சாய்ந்து மின்சாரம் நின்றால் கதிர் நிற்கும். கதிர் நின்றால் கூலி நிற்கும்.

செய்து காட்டியவர்கள் உண்டு

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ஒடிசாவில் 1999 அக்டோபர் 29-ம் தேதி வந்த பெரும் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு கடற்கரையில் புயல் காப்பிடங்கள் கட்டினார்கள். கிராமக் கமிட்டிகள் அமைத்துப் பழக்கினார்கள். 2013-ல் பைலின் என்ற கடும் புயல் வந்தபோது, பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். மாண்டவர்கள் சில பத்துப் பேர்தான். கியூபாவில் 1963-ல் புளோரா புயல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2001-ல் மிஷேல் புயல் வந்தபோது ஏழு லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள்; இறந்தவர்கள் 5 பேர். பணக்கார நாடல்ல அது. எந்தத் தெருவில் யார் நடக்க முடியாதவர், யார் பிள்ளைத்தாய்ச்சி என்று அந்தந்தத் தெருக்காரர்களே தெரிந்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில், 2018 வெள்ளத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனக்கென்று பேரிடர்த் திட்டம் எழுத முனைந்தது.

நம் நிலை என்ன? ஒகி புயல் 2017-லும் கஜா 2018-லும் வந்தபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர்களே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. மறுபடியும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு நம் ஜில்லா உட்பட 28 ஜில்லாக்களில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போயிற்று. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைத் தள்ளிப்போடுவது என்றால், ஆபத்து வரும்போது ஊரை அறிந்த பிரதிநிதி இல்லாமல் செய்வது என்று அர்த்தம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. 1994-ம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி கிராமத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், கணக்கைப் பார்ப்பதும் அதன் உரிமை. 2005-ம் ஆண்டுப் பேரிடர் நிர்வாகச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் கடமை வகுத்திருக்கிறது.

பணமா? 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியில் 20 சதவீதம் முன்தடுப்புக்கு என்று 15-வது நிதிக்குழு ஒதுக்கிச் சொன்னது. தடுப்புக்கென்று தனிப் பணம் உண்டு என்ற கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. கடற்கரை இல்லாத ஜில்லா என்று சொல்லி நம்மை அந்தப் பந்தியில் கடைசியில் உட்காரவைக்க விடக் கூடாது.

எப்போது கேட்பது?

மழை வந்த பிறகு கேட்டால் சாப்பாட்டுப் பொட்டலம்தான் கிடைக்கும். அக்டோபர் 2-ம் தேதியும் நவம்பர் 1-ம் தேதியும் கூடும் கிராம சபைகளில் அடுத்த வருஷத்துக்கான வரிசையைத் தீர்மானமாக எழுதவைப்போம். எழுதிய நோட்டைப் படித்துக் காட்டச் சொல்வோம். ஜனவரி 26-ல் அது திட்டத்தில் ஏறியதா என்று கேட்போம். கண்மாய் காய்ந்து கிடக்கும் மே 1-ல் வேலை ஆரம்பித்ததா என்று பார்ப்போம். ஆகஸ்ட் 15-ல் முடிந்ததா என்று ஓடைக்கே போய் அளந்து பார்ப்போம். நவம்பர் 1-ம் தேதி லீவு நாளல்ல. கூலி போகுமே என்று எல்லோரும் இருந்துவிட்டால் காண்ட்ராக்டரின் ஆட்கள்தான் கை தூக்குவார்கள். வீட்டுக்கு ஒருவராவது, அதிலும் பெண்கள், அவசியம் போக வேண்டும்.

தோழர்களே! புயலை நிறுத்த நம்மால் முடியாது. அது வரும்போது மறுகால் ஓடை திறந்திருக்க வேண்டும், பள்ளத்துத் தெருக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பத்திரமாகத் தூங்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். எந்த வேலை முதலில் என்பதை, வெள்ளத்தில் முதலில் நனைகிறவர்களே தீர்மானிக்கட்டும். அடுத்த கிராம சபைக்கு அந்தப் பட்டியலோடு போவோம். எல்லோரும் சேர்ந்து போவோம்!