மீட்டரைத் தாண்டிய வயர் யாருடையது?



இன்று உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தோட்டத்து லயத்தில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டம் கைமாறியது, நாம் கோலாலம்பூருக்கு வந்தோம். மலிவு விலை அடுக்குமாடியில் நாள் முழுதும் மின்சாரம் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுக்கு அன்று போட்ட வயரிங் சில விளக்குகளுக்கும் காற்றாடிக்கும் தொலைக்காட்சிக்கும்தான். இன்று அதே வயரில் ஏர்கோன், வாஷிங் மெஷின், சுடுநீர்க் கருவி எல்லாம் ஓடுகின்றன. பிளக் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது. "எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது ஆபத்தின் அறிகுறி, மக்களே!

பங்சாரில் பழைய வீடு வாங்குபவர் குடிபுகும் முன்பே வயரிங்கை மாற்றுகிறார், தேவைப்பட்டால் மூன்று ஃபேஸ் இணைப்பும் எடுக்கிறார். செந்தூலில் வாடகைக்கு இருப்பவர் ஏன் மாற்றுவதில்லை? பணம் ஒரு காரணம். யாரிடம் கேட்பது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கடை வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தவர். வயர் கோளாறில் சமையலறை எரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் பலமுறை புகார் சொன்னாராம், எல்லாம் வாய்வார்த்தை. வீட்டுக்காரரோ, "நீங்கள்தான் அதிகம் பொருள் மாட்டினீர்கள்" என்றார். எழுத்தில் ஒரு வரி இல்லை. என்னால் அவருக்கு அதிகம் செய்ய முடியவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மீட்டர் வரைதான் தெனாகாவின் பொறுப்பு. அதைத் தாண்டிய வயரிங் கட்டடத்தின் உரிமையாளருடையது. ஆகவே உங்கள் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

நீங்கள் மாநகர் மன்றத்தின் பி.பி.ஆர் வீட்டில் வாடகைக்கு இருந்தால், மாநகர் மன்றமே உரிமையாளர். புகார் அங்கே போக வேண்டும். அடுக்குமாடியில் சொந்த வீடு என்றால், வீட்டுக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு. மீட்டர் அறையும் மாடிக்கு மாடி ஏறும் பொது வயரும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. 2013 ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் அதற்குத் தீர்ப்பாயமே அமைத்துக் கொடுத்திருக்கிறது. தனியார் வீட்டில் வாடகை என்றால், வயரிங் பழுதை யார் பார்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் உணவுக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, பெரிய குளிர்பெட்டியும் மாவரைக்கும் இயந்திரமும் வாங்கும் முன் உங்கள் இணைப்பு தாங்குமா என்று கேளுங்கள். ஊழியர் உயிரும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் மட்டும் கொடுங்கள். "தெரிந்த பையன், மலிவாகச் செய்வான்" என்பது வேண்டாம். வயரிங்கை மாற்றி முடித்ததும் பாரம் ஜி, பாரம் எச் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது, வேலையைத் தகுதி பெற்றவர் மேற்பார்த்து முடித்ததற்குச் சான்று. இரண்டாவது, சோதித்துப் பார்த்ததற்குச் சான்று. 1994 ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளில் உள்ள பாரங்கள் அவை.

குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். மீட்டருக்கு அருகில் உள்ள பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்காவிட்டால் உடனே வயர்மேனை அழையுங்கள்.

தனியாகப் போனால் நாளை வா என்பார்கள். ஒரு மாடியில் உள்ள எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். கருகிய பிளக்கைப் படமெடுத்து இணையுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக் காலையில் எழுத வேண்டிய கடிதம் அதுதான்.