அடைபட்ட மின்சாரம்



மின்சாரக் கம்பியின் மேல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருப்பதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றின் வழியே மின்சாரம் பாயாது; ஆகவே பயமில்லையென்று இருக்கிறோம். வீட்டளவில் அது சரியேயாகும். ஆனால், நம்மைக் காக்கும் அந்தக் குணமே வேறோரிடத்தில் கேடாய் முடிவதும் உண்டு என்பதையே இன்று சொல்ல வந்தோம்.

பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், செய்தி அனுப்புவதற்கான செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. அவ்விடத்தில் வேகமான எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் வேகம் மிகுந்தவை அலுமினியத் தகட்டையும் துளைத்துச் சென்று, உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக்கில் தங்கிவிடுகின்றன. உலோகமானால் அம்மின்சாரம் உடனே ஓடிப் பரவிவிடும். பிளாஸ்டிக்கிலோ, வந்ததற்குப் போக வழியில்லை. நாளுக்கு நாள் சேருகிறது. மீட்டருக்குச் சுமார் 1 கோடி வோல்ட் என்ற அளவையும் தாண்டும்போது அப்பொருள் தாங்கமாட்டாமல் உடைகிறது. கிளைவிட்ட மரம் போன்ற பாதையில், அடைபட்ட மின்சாரம் கண நேரத்தில் வெளியே பாய்கிறது. சின்ன மின்னல்தான், ஆனால் பக்கத்திலுள்ள நுட்பமான கருவியைக் கெடுக்க அது போதும்.

இது வெறும் யூகமல்ல. 1994 ஜனவரி 20-ந் தேதி கனடா தேசத்தின் அனிக் இ-1 என்ற கோள் நிலை தவறிச் சுழலத் தொடங்கிற்று. சில மணி நேரத்தில் அது சீராயிற்று. உடனே இ-2 என்ற கோளும் அவ்விதமே கெட்டது; அதைச் சரிப்படுத்தப் பல மாதங்கள் பிடித்தன. கோளையே நம்பியிருந்த வடபகுதி ஊர்களில் டெலிபோனும் டெலிவிஷனும் நின்றன.

வானத்தில் நடந்ததாயிற்றே என்று இதற்குக் கிரகதோஷம் பார்த்துச் சாந்தி செய்தால் என்ன பலன்? அறிஞர்கள் வேறு கோள்களிலிருந்த அளவு கருவிகளைப் பார்த்தார்கள். முந்தின சில நாட்களாகவே எலெக்ட்ரான்கள் மிகுந்திருந்தது தெரியவந்தது. உள்ளே சேர்ந்த மின்சாரமே காரணமென்று முடிவு கண்டார்கள்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். தகட்டைக் கனமாக்கலாம், தனித்து நிற்கும் உலோகத் துண்டுகளையெல்லாம் கோளின் உடலோடு கம்பியால் இணைக்கலாம், மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கசியவிடும் பொருளைப் போடலாம். முழுக்கத் தடுப்பதைவிட, சிறிது கசிவதே அங்கே பத்திரமானது!

ஆகவே தோழர்களே! எந்தக் கேடு நேர்ந்தாலும், அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.