முதல் நாள் எழுதாமல் விட்ட வரி



பணியிடக் காயமும் நோயும் பற்றிய இந்தக் கருத்தரங்கு கோயமுத்தூர் உக்கடத்தில் நடப்பது மிகவும் பொருத்தம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும், பழைய இரும்புக் கடைகளில் தகடு வெட்டுகிறவர்களும், சி.எம்.சி. காலனியில் தலைமுறைகளாக வாழ்ந்த தூய்மைப் பணியாளர்களும் இந்தப் பகுதியின் மக்கள். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1955இல் முதன்முதலாகத் தொடங்கியதும் கோயமுத்தூரில்தான். தொழிலாளியின் காயத்துக்குக் காப்பீடு என்ற எண்ணம் இந்த மாநிலத்தில் வேர்விட்ட ஊர் இது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. வேலையில் அடிபட்டவருக்கு நம் நாட்டில் உரிமை நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் அடிபட்டதற்கும் நோய் பிடித்ததற்கும் பதிவு இல்லை. அதனால்தான் அந்த உரிமை கைக்கு வராமலே போகிறது. அந்தப் பதிவை உண்டாக்கும் பொறுப்பு படித்தவர்களான நம்முடையது.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தவறைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் நேர்ந்தால் போதும் என்பதே அதன் அடித்தளம். அந்தச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அடித்தளம் அதிலும் மாறவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பவர் பிரஸ்ஸில் கட்டைவிரலை இழந்த 40 வயதுக்காரர். சம்பளம் மாதம் 15,000 ரூபாய். பட்டறையில் பத்துப் பேர்கூட இல்லை, எனவே இ.எஸ்.ஐ. கிடையாது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, சம்பளத்தில் 60 சதவீதமான 9,000 ரூபாயை அவர் வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கட்டைவிரலுக்குச் சட்டத்தின் அட்டவணை காட்டும் இழப்பு 30 சதவீதம். பெருக்கி வந்த தொகையில் அந்தப் பங்கு 4,97,259 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். செய்துவந்த வேலையையே செய்ய முடியாமல் போனால் அட்டவணையோடு நிற்க வேண்டியதுமில்லை. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு அது முழு இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே தீர்ப்பளித்தது.

இந்த ஐந்து லட்சம் எங்கே போகிறது? ஆஸ்பத்திரிச் செலவோடும் கைச்செலவுக்குக் கொடுத்த சில ஆயிரத்தோடும் பேச்சு முடிகிறது. அனுமதிச் சீட்டில் 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதச் சொல்லிவிடுகிறார்கள். வருகைப் பதிவேடும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. பிறகு இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன் நிற்கும்போது, அங்கே வேலை பார்த்தாரா என்ற முதல் கேள்விக்கே தொழிலாளியால் பதில் காட்ட முடிவதில்லை.

பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிரிழந்தவர்களின் நிலை இன்னும் கொடியது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27இல் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியிருந்தும் இரவோடு இரவாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். இழப்பீட்டுச் சட்டம் இதைத் தெளிவாகத் தடுத்திருக்கிறது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக வாங்கிய கையெழுத்தும் செல்லாது. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர் என்றாலும் வேலை கொடுத்த நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. இந்தச் செய்தி இழவு வீட்டுக்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

காயத்துக்காவது ரத்தம் சாட்சி. நோய்க்கு அதுவும் இல்லை. பஞ்சாலையின் கார்டிங், ப்ளோ ரூம் பகுதிகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். தொடக்கத்தில் தூசியை விட்டு விலகினால் சரியாகும். ஆண்டுகள் போனால் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். அப்போது இது பீடிப் புகையால் வந்ததா, தூசியால் வந்ததா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது. வேலை வரலாறும், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் மூச்சளவுச் சோதனையுமே சொல்லும். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் இந்த நோய்க்கு 1940களில் இழப்பீடு தொடங்கியபோது 20 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்றார்கள். ஆய்வுகள் சேரச் சேர அந்த வரம்பு தளர்ந்தது. நம் சட்டமும் பஞ்சுத் தூசி நோயைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பல மில்களில் மாறி மாறி வேலை செய்திருந்தால் எல்லா முதலாளிகளும் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. தென்னிந்திய மான்செஸ்டர் என்ற பெயரைப் பெருமையோடு சுமக்கும் ஊர், அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களின் கணக்கையும் ஏற்க வேண்டும்.

எனவே இந்த அவையிடம் சில வேண்டுகோள்கள். மருத்துவர்கள் புறநோயாளிச் சீட்டில் நோயாளியின் தொழிலையும் வேலை செய்த ஆண்டுகளையும் எழுதுங்கள். உள்ளே சேர்க்கும்போது காயம் எங்கே, எந்த இயந்திரத்தில் என்று கேட்டுப் பதியுங்கள். வழக்கறிஞர்கள் ஆணையர்களின் உத்தரவுகளைத் திரட்டித் தமிழில் வெளியிடுங்கள். ஆய்வு மாணவர்கள் நோய் முற்றிய பிறகு போகாமல், வேலையில் இருப்பவர்களின் மூச்சளவை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். சங்கங்கள் ஒவ்வொரு பட்டறைப் பகுதியிலும் ஒரு விபத்து நோட்டு வையுங்கள். நாள், நேரம், இயந்திரம், பார்த்தவர் பெயர், இந்த நான்கும் போதும். இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இழப்பீடு யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. உடம்பின் ஒரு பகுதியை வேலைக்குக் கொடுத்துவிட்ட மனிதருக்கு நாம் பட்ட கடன். வரும் அமர்வுகளில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தொழிலாளியின் மனுவில் சாட்சியமாக நிற்கும் தகுதி பெற வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.