தேவைகளை ஒத்திசைக்கும் மென்பொருள்



திருவனந்தபுரத்தின் புறவழிச்சாலை கழக்கூட்டத்தில் தொடங்கிக் காரோட்டில் முடிகிறது. ஒரு முனையில் 1990-இல் நிறுவப்பெற்ற தொழில்நுட்பப் பூங்கா. மறுமுனையில், பாறசாலையை அடுத்துத் தமிழக எல்லை. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கு இவ்வழி புதியதன்று. பூங்காவில் மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் ஒன்றை, எல்லைப்புறத்து உழவர் நெடுங்காலமாக அறிவர். ஒரு பணியைத் தொடங்குமுன், பொருள் கொடுப்போர், நடத்துவோர், பயனடைவோர் ஆகிய அனைவருடைய தேவைகளையும் உடன்பாட்டுக்குக் கொணர்வது எங்ஙனம் என்பதே அது.

பாரி போம் என்னும் அமெரிக்க அறிஞர் 1989-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். தொடர்புடைய எல்லோரும் வென்றவராக வெளிவந்தாலன்றி மென்பொருட்பணி வெற்றியுறாது என்பது அதன் சாரம். இக்கொள்கைக்கேற்ப, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 'வின்வின்' என்னும் கருவி உருவாயிற்று. அதில் நால்வகைப் பதிவுகள் உண்டு: ஒவ்வொருவரும் வேண்டுவது, வேண்டுதல்கள் மோதுமிடத்து எழும் சிக்கல், அதற்குரிய மாற்றுவழி, இறுதியில் உடன்பாடு. இவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவருடைய வேண்டுதல் மாறினால், அதன்மேல் நிற்கும் உடன்பாடு மீண்டும் ஆராயப்படவேண்டும்.

பின்னர் வந்த 'ஈசிவின்வின்' குழுவாக அமர்ந்து பேசுவதற்கு உரியது. பலரும் ஒரே வேளையில், பெயர் தோன்றாமல், தத்தம் கருத்தைப் பதியலாம். அதிகாரியின் முன் வாய்திறக்க அஞ்சும் எழுத்தர்க்கு இது பெரும் பேறு அல்லவா? பிறகு ஒவ்வொரு தேவையும் எத்துணை இன்றியமையாதது, எத்துணை எளிதில் செய்யத்தக்கது என்று வாக்களிப்பர். வாக்குகள் சிதறுமிடம் எதுவோ, அங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

இனி நெய்யாற்றுக்கு வருவோம். மாநில மறுசீரமைப்புக்கு முன்பே, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகிய இரு வட்டங்களும் ஒரே ஆட்சியில் இருந்த காலத்தில், அப்பாசனத் திட்டம் வகுக்கப்பெற்றது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணை 1958-இல் அமைந்தது. இடதுகரைக் கால்வாயால் விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் பாசனம் பெறும் என்பது தமிழக அரசின் கணக்கு. 2004-இல் அந்நீர் நின்றது. நெய்யாறு மாநிலங்களுக்கிடைப்பட்ட ஆறன்று, விலை கொடுத்தால் நீர் தருவோம் என்றது கேரளம். அது இரு மாநிலத்துக்கும் உரியது, நீர் எம் உரிமை என்றது தமிழகம்.

இவ்வழக்கில் இரண்டு சிக்கல்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் காண்க. விலைக்கு இடைவழிகள் பல உண்டு. தவணை உண்டு, குறைப்பு உண்டு. ஆறு யாருக்குரியது என்னும் வினாவுக்கு அத்தகைய இடைவழி இல்லை. அது சட்டத்தால் தீரவேண்டியது. வின்வின் முறையில் அவ்விரண்டும் தனித்தனிச் சீட்டில் எழுதப்படும். ஒன்றின் பொருட்டு மற்றொன்று காத்துக்கிடவாது. எல்லை மாறிய நாளிலேயே, பழைய உடன்பாட்டில் புதிதாக ஓர் அரசு சேர்ந்துள்ளது, மீண்டும் ஆராய்க என்னும் குறிப்பும் எழுந்திருக்கும். மென்பொருள் நீரைக் கொணராது என்பது உண்மையே. ஆயினும் விடுபட்டது யாது என்பதை அது காலத்தே காட்டும். நான் அதனைப் போற்றுவது இதன்பொருட்டே.

2012-இல் தமிழகம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. மாநிலங்களுக்கிடையேயான அவ்வழக்கில் கட்சிக்காரர் அரசுகளே. கால்வாயின் கடைமடையில் இருப்பவருடைய வேண்டுதலைத் தனியே பதிவதற்கு அங்கு ஏடில்லை.